வேரில் ஒட்டிய செம்மண்

மகனே,

நீ வாளியில் ஊறவைத்துவிட்டுப் போன கன்றைப் பார்த்தேன். இலையின் அடி ஒரு பக்கம் இறங்கியிருக்கிறது, மேற்புறம் சொரசொரக்கிறது, கிளையில் தக்கை போன்ற பட்டை. எல்ம் மரம்தான், சரியாகவே அடையாளம் கண்டிருக்கிறாய். தொட்டியில் வளர்க்கும் போன்சாய்க்கு ஏற்ற குட்டையான, பருத்த அடிமரம்.

"ஓடைக்கரையில தோண்டினேம்மா, சும்மா பயப்படாதே" என்றாய்.

வேரைக் கழுவினேன். தண்ணீர் சிவந்தது. ஓடைக்கரை மண் கறுப்பு.

பக்கத்து வீட்டு ஸ்லாவிட்சா எட்டிப் பார்த்தாள். "ஏங்க்கா, செம்மண் மேல்காட்டுலதானே இருக்கு? மண்டையோடு போட்ட பலகையைத் தாண்டிட்டானா? அவ்வளவு படிச்சவனுக்கு அந்தப் படம் மட்டும் புரியலையாக்கும்!"

கதவைச் சாத்திவிட்டேன்.

போர் முடிந்தும் கண்ணிவெடிகள் அங்கேயேதான் கிடக்கின்றன. உன் அப்பாவும் விறகுக்கு அந்த வழியேதான் போனார். அதற்கு மேல் எழுத மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மோஸ்தார் நகரத்திலிருந்து நண்பனோடு வந்து இன்னொரு பெரிய மரத்தை எடுக்கப்போவதாகச் சொன்னாய். மலைப்பக்கம் எது சத்தமிட்டாலும் இப்போது வாசலுக்கு ஓடிப்போய்ப் பார்க்கிறேன்.

என்னை வளர்த்த கன்னியாஸ்திரிகளிடம் நான் கெஞ்சக் கற்கவில்லை, உன்னிடமும் கெஞ்சவில்லை. அன்று பூசைக்குப் போகாமல் அந்தப் பலகையருகே நிற்பேன். நீ உள்ளே போவதானால், உனக்கு முன்னால் நான் நடப்பேன்.

உன் அம்மா