எல்லாரும் ஒரே தாளத்தில்

ஓகூஸ் நகரிலிருந்து

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம். உங்கள் முழங்கால் நோவு எப்படி? அம்மாவின் இருமல் நின்றதா? போனில் சொல்லக் கூச்சம், அதனால் எழுதுகிறேன்.

"சுருதியே இல்லாத வாத்தியங்களுக்கு என்ன பாட்டு?" என்று கேட்டீர்களே, அந்தப் பாட்டை நேற்று எங்கள் கல்லூரிக் கச்சேரியில் முதலாவதாக வாசித்தார்கள். மேளம், மரக்கட்டை, தாளம் என்று ஆறு பேர், இரண்டே நிமிடம். நான் எழுதியதைச் சபையில் வாசித்தது இதுதான் முதல் தடவை.

முடிந்ததும் கைதட்டினார்கள். சிறிது நேரத்தில் மண்டபமே ஒரே தாளத்தில் தட்டத் தொடங்கியது. எங்கள் ஊரில் அலட்டுகிற பேச்சாளரை அப்படித்தானே மேடையிலிருந்து இறக்குவோம்? நான் திரைக்குப் பின்னால் ஒளித்துவிட்டேன். பக்கத்து நகரமான ரண்டர்ஸிலிருந்து கச்சேரி கேட்க வந்திருந்த பெரியப்பாவின் மகள் வினோதா அக்கா தேடிப் பிடித்தார்.

"என்னடி கிருசாந்தி, ஏன் ஒளிக்கிறாய்?"

"கலைக்கினம் அக்கா."

"விசரி. இஞ்ச இந்த நாட்டுச் சனம் நல்லாப் பிடிச்சால்தான் இப்பிடி ஒண்டாத் தட்டுவினம். போய்க் கும்பிடு."

போய்க் கும்பிட்டேன். நானூறு பேரும் விடவில்லை. முழுவதையும் இன்னொரு முறை வாசிக்க வைத்தார்கள்.

வசந்தகாலக் கச்சேரிக்கும் என்னையே எழுதச் சொல்லியிருக்கிறார்கள். அதற்கு ஓர் உதவி வேண்டும். அம்மா சுளகில் அரிசி புடைக்கும் சத்தத்தைப் பதிந்து அனுப்புங்கள். இடையில் நீங்கள் இருவரும் கதைத்தால் வெட்ட வேண்டாம். நீளமாகவே இருக்கட்டும்.

பஸ்ஸுக்கு நேரமாகிறது.

உங்கள் மகள்
கிருசாந்தி