மைக் செட்டுக்குள் நகப்பூச்சு

அக்கா,

என் விரல்களில் உன் நகப்பூச்சின் வாசனை அடிக்கிறது. பாட்டிலின் அடியில் கொஞ்சம்தான் மிச்சமிருந்தது. மூடி இறுகியிருந்தது, பல்லால் கடித்துத் திறந்தேன். அம்மா எழுந்துவிடக் கூடாதென்று அடுப்படியில் சிம்னி விளக்கைத் தணித்து வைத்து எழுதுகிறேன். கூடத்தில் சித்தப்பா இருமும்போதெல்லாம் கை நின்றுவிடுகிறது.

நீ ஒருநாளும் இதை நகத்தில் பூசியதில்லை. "யாருக்குடி காட்டப் போறே இந்தச் செகப்பை?" என்று எதிர்வீட்டு மங்களத்தக்கா தெருவே கேட்கக் கத்தினாள். "எம் பொட்டிக்குக்கா!" என்றாய். உண்மையும் அதுதான். கடல் காற்று அரிக்காமலிருக்க, நீயே செய்த மைக் செட்டுக்குள் ஈயம் வைத்துப் பற்றவைத்த ஒவ்வொரு இடத்திலும் ஒரு சிவப்புப் பொட்டு வைத்தாய்.

ரவிக்கை தைத்துச் சேர்த்த காசோடு நாகப்பட்டினத்து ரேடியோ கடைக்குப் போனோமே, நினைவிருக்கிறதா? "அண்ணன் வரலையாம்மா?" என்று கடைக்காரர் கேட்டார். "நாந்தாங்க அண்ணன்" என்றாய். அவர் மலிவாக நீட்டிய டிரான்ஸ்பார்மரை மோந்து பார்த்து, "எரிஞ்சதைத் திரும்பச் சுத்தியிருக்கீங்க. புதுசை எடுங்க" என்றாய். பாதிக் காசு அதிலேயே போனது. மற்றதெல்லாம் பழசு, திருகுகள்கூட மூன்றும் மூன்று நிறம். பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு சொன்னாய்: "கரண்டு வர்ற எடத்துல கஞ்சத்தனம் கூடாதுடி. கண்ணுக்குத் தெரியற எடத்துல பண்ணிக்கலாம்."

கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸ் ஏலத்தில் கால் ஒடிந்த ஃபைல் ராக்கை எடுத்து, அடித்தட்டில் டிரான்ஸ்பார்மர், நடுவில் ஆம்ப்ளிஃபயர், மேலே கேசட் செட் என்று அடுக்கினாய். ஒன்று கெட்டால் அதை மட்டும் உருவிக்கொள்ளலாம். முதுகுப் பக்கம் திறந்தே இருக்கும். அங்கே ஒரு சின்ன ஃபேன். அதுவும் போதாதென்று, யாரோ தூக்கிப் போட்ட கரண்டு இஸ்திரிப் பெட்டியிலிருந்து சூடு பார்க்கும் துண்டைக் கழற்றி உள்ளே இணைத்தாய். "சூடு ஏறுனா தானா வாயை மூடிக்கும். ஆறுனா தானா பேசும். உன்னை மாதிரிதான்டி." என்னிடம் மட்டும் சொன்னாய்.

அடைமழையில் மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோனது. காரியம் முடிந்ததும் சித்தப்பா பெட்டியைத் தன் வாடகை சைக்கிள் கடைக்கு வண்டியில் ஏற்றினார். அப்பா இல்லாத வீட்டில் அவரை யார் கேட்பது? "பொம்பளைப் புள்ள ஏதோ கம்பியை முறுக்கி வெச்சிருந்தா. நாந்தான் ராப்பகலா ஒக்காந்து செஞ்சேன்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். "பொட்டிக்கு வேர்க்குதாக்கும்?" என்று ஃபேனைப் பிடுங்கிப் போட்டார். பெட்டியின் திறந்த முதுகில் தன் பெயர் எழுதிய பலகையை வைத்து ஆணி அடித்தார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். வாயைத் திறக்கவில்லை. இன்றைய நாளுக்காகத்தான் காத்திருந்தேன்.

இன்று மாரியம்மன் கோயில் திருவிழா. சாயங்காலம் முழுக்கப் பாட்டு ஓடியது. அப்புறம் சித்தப்பா மைக்கைப் பிடித்தார். "இது என் சொந்தக் கையால..." சத்தம் நின்றது. வாய் மட்டும் அசைந்தது.

"என்னய்யா, டியூப்ல காத்து எறங்கிடுச்சா?" என்று ஒருவர் கேட்க, கூட்டம் சிரித்தது. அவர் மைக்கைத் தட்டினார், ஒயரை உலுக்கினார். பெட்டி ஆறியது. "எந்த நாயிடா ஒயரைப் புடுங்குனது!" என்று அவர் கத்தியது நாலு குழாயிலும் கேட்டது, சாமி சன்னிதி வரைக்கும். பிறகு மறுபடியும் அமைதி. எனக்குப் பயத்தில் பல் கிட்டியது. ஆனாலும் இனித்தது அக்கா, வெல்லத்தை வாயில் அடக்கிக்கொண்ட மாதிரி இனித்தது.

கோயில்காரர்கள் திறக்கச் சொன்னார்கள். சித்தப்பா பலகையைப் பெயர்த்தார். டார்ச் வெளிச்சத்தில் உள்ளே எல்லாம் சிவப்புப் பொட்டு. மங்களத்தக்கா எட்டிப் பார்த்தாள். "அட, இது அந்தப் பொண்ணோட நகப்பாலிசுல்ல! இதையா நீ செஞ்சேங்கறே?" உன் பெயரைச் சத்தமாகச் சொன்னாள். நீ போனபின் தெருவில் யாரும் அதைச் சொல்லிக் கேட்டதில்லை.

பெட்டியோடு வீட்டுக்கு வந்ததும் சித்தப்பா என் கையை முறுக்கினார். "அவ உள்ள என்ன வெச்சா? ஒனக்குத் தெரியும்."

"தெரியாதுங்க சித்தப்பா."

"நாளைக்குக் கச்சேரிக்கு இது பேசணும். பேசலேன்னா ஒனக்குப் பள்ளிக்கூடம் கெடையாது."

ஃபேனை வையுங்கள் என்று ஒரு வார்த்தை போதும். பள்ளிக்கூடம் மிஞ்சும். ஆனால் பெட்டி மறுபடியும் அவர் கையால் செய்ததாகிவிடும். அவர் சாப்பிட உட்கார்ந்தபோது நான் அந்தச் சூடு பார்க்கும் துண்டைக் கழற்றி எடுத்துவிட்டேன். இப்போது அது என் ஜியாமெட்ரி பாக்ஸில் இருக்கிறது. அது இல்லாமல் உள்ளே கரண்டு ஓடாது, நாளை பெட்டி பேசாது. அறுந்த இடம் எதுவென்று அவருக்குத் தெரியப்போவதும் இல்லை.

பயமாகத்தான் இருக்கிறது. என்றாலும் மிச்சமிருந்த பூச்சு முழுவதையும் வலது கை நகங்களில் பூசிவிட்டேன். ஊதி ஊதிக் காய வைத்தாயிற்று. விடிந்ததும் சித்தப்பாவுக்குக் காபி கொடுப்பது என் வேலை. இந்தக் கையால்தான் நீட்டுவேன்.