கடைசியில் நடக்கும் ஆள்

இன்ஸ்புருக்,
2 மார்ச் 2025

அன்புள்ள அம்மாவுக்கு,

ஆன்டோ எழுதுவது. நாங்கள் மூவரும் நலம். போனில் சொன்னால் பாதியிலேயே நீ சண்டைக்கு வருவாய் என்றுதான் கடிதம்.

ஜூலையில் நீ வரும்போது ஆல்ப்ஸ் மலையில் மூன்று நாள் நடைப்பயணம் போகிறோம். பகலெல்லாம் நடந்து, சாயங்காலம் மலைமேல் இருக்கும் விடுதியில் தங்க வேண்டும். எனக்கும் எவாஞ்சலினுக்கும் ஃபெபிக்கும் இடம் பிடித்தாயிற்று. உனக்கு அடிவாரத்தில் நல்ல ஓட்டல். ஜன்னலைத் திறந்தால் மலை தெரியும். பக்கத்துத் தெருவில் ஷர்மிளா என்று நம் ஊர்ப் பெண் இருக்கிறாள், சோறு கொண்டுவந்து தருவாள்.

கோபப்படாதே. உனக்கு வயது அறுபத்தொன்று. வேளாங்கண்ணிக்கு நடந்து போகும்போதெல்லாம் நம் கூட்டத்தில் கடைசியாக வந்து சேருவது நீதானே? எனக்குப் பன்னிரண்டு வயதில் அப்பாவோடு பஸ்ஸில் வந்து கோயில் வாசலில் காத்திருந்தேன். மற்றவர்கள் குளித்துச் சாப்பிட்டே விட்டார்கள். நீ மூன்று மணி நேரம் கழித்து நொண்டிக்கொண்டு வந்தாய். இப்போது அப்பாவும் இல்லை. உனக்கு ஏதாவது ஆனால் என்னால் தாங்க முடியாது அம்மா.

அன்பு மகன்,
ஆன்டோ

பட்டாபிராம்,
16 மார்ச் 2025

ஆசை மகன் ஆன்டோவுக்கு,

அம்மா எழுதுவது. மாதா புண்ணியத்தில் நலம். தவக்காலம், அதனால் கறி மீன் கிடையாது. நம் தெருவில் மறுபடியும் குழி தோண்டியிருக்கிறார்கள். சேதி முடிந்தது, இனி சண்டை.

ஜன்னல் வழியாக மலையைப் பார்க்க நான் எதற்கு விமானம் ஏற வேண்டும்? அது காலண்டரிலேயே இருக்கிறது. என்னை அறையில் உட்கார வைத்துவிட்டு நீங்கள் மட்டும் போவதானால் என் டிக்கெட்டை ரத்து செய்துவிடு. விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

நான் ஏன் கடைசியில் வந்தேன் என்று ஒரு நாளாவது கேட்டாயா? நம் கூட்டத்தில் அறுபது பேர். முன்னால் ஒருவர் கொடி பிடிப்பார். கடைசியில் நடக்க ஒருவர். அவருக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது. கால் கொப்பளித்தவர், தலைசுற்றி உட்கார்ந்தவர் எல்லோரையும் தேற்றிக் கூட்டிவர வேண்டும், ஓர் ஆள் குறைந்தால் திரும்பிப் போய்த் தேட வேண்டும். நடையில் கெட்டியானவருக்குத்தான் அந்த இடத்தைத் தருவார்கள். கூட்டத்தலைவர் அருள்தாஸ் அண்ணன் என்னிடம், "இன்னா சகாயம், கொடிய எவன் வேணா புடிச்சுகினு போவான். கடைசில நீ வந்துகினு இருந்தாத்தான் எனுக்கு நிம்மதியா கீது" என்றார். பத்தொன்பது வருஷம் அந்த இடத்தை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

நீ சொல்லும் வருஷம், நாகப்பட்டினம் தாண்டியதும் புஷ்பா அக்காவைக் காணோம். ஐந்து கிலோமீட்டர் திரும்பி நடந்தேன். புளியமரத்தடியில் அழுதுகொண்டிருந்தவளைத் தோளில் சாய்த்துக் கூட்டி வந்து, கோயிலுக்குப் பக்கத்துத் தண்ணீர்ப் பந்தலில் படுக்க வைத்துவிட்டு உன்னைப் பார்க்க ஓடி வந்தேன். நொண்டாமல் என்ன செய்வேன்?

இப்போதும் வாரத்தில் இரண்டு நாள் குமணன்சாவடியிலிருந்து செம்பரம்பாக்கம் ஏரிவரை பக்கத்து வீட்டு சித்ராவோடு நடக்கிறேன். அவளுக்கு முப்பத்தெட்டு வயதுதான். "யக்கா, மெதுவா போக்கா, உசுரு போவுது" என்று கத்துகிறவள் அவள்.

பேத்திக்கு முத்தங்கள்.

உன் அம்மா,
சகாயம்மாள்

இன்ஸ்புருக்,
1 ஏப்ரல் 2025

அம்மா,

உன் கடிதத்தை எவாஞ்சலினுக்குப் படித்துக் காட்டினேன். பாதிக்கு மேல் முடியவில்லை.

அன்று கோயில் வாசலில், "இன்னும் ஒரு பொம்பள ஆடி அசஞ்சு வந்துகினு கீது" என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அது என் அம்மா என்று சொல்லவில்லை. இருபத்தைந்து வருஷமாக உன்னிடம் மறைத்தது இதுதான். மன்னித்துவிடு.

மலை விடுதியில் நான்காவது கட்டிலும் பதிவு செய்துவிட்டேன். பூட்ஸ் மட்டும் கட்டாயம், வெறுங்கால் ஆகாது.

ஓர் உதவி வேண்டும். ஃபெபிக்கு எட்டு வயது, மெதுவாகத்தான் நடப்பாள். போன வருஷம் நான் கத்தக் கத்த, பாறைமேல் உட்கார்ந்து அழுதாள். பாதியில் திரும்பினோம். இந்த முறை நீ அவளோடு கடைசியில் நடந்து வருவாயா? உன்னைவிடத் தோதான ஆள் எங்களுக்குக் கிடைக்காது.

ஆன்டோ

பட்டாபிராம்,
14 ஏப்ரல் 2025

அன்பு மகனுக்கு,

நேற்று குருத்து ஞாயிறு. குருத்தோலையில் சிலுவை பின்னி ஃபெபிக்காக எடுத்து வைத்திருக்கிறேன்.

நீ எழுதியதைப் படித்ததும் வலித்தது. இல்லை என்று சொல்லமாட்டேன். அடுப்பை அணைத்துவிட்டுக் கடிதத்தை மறுபடி படித்தேன். பிறகு ரசம் வைத்தேன். பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் எனக்குக் கோபமில்லை. முப்பத்தேழு வயதில் சொன்னாயே, அது போதும்.

ஆவடியில் பூட்ஸ் வாங்கிவிட்டேன். புடவைக்கு அது நன்றாக இல்லை என்று சித்ரா சிரிக்கிறாள். காலையில் ஸ்டேஷன்வரை போட்டு நடந்து பழக்குகிறேன்.

நீ கேட்ட உதவியை மட்டும் செய்யமாட்டேன். பத்தொன்பது வருஷம் மற்றவர்கள் முதுகைப் பார்த்தே நடந்தவள் நான். ஒரு தடவையாவது எனக்கு முன்னால் ஆளே இல்லாமல், மலையை மட்டும் பார்த்துக்கொண்டு போக வேண்டும். ஆசையாக இருக்கிறது, கேட்கிறேன். முதலில் நான், எனக்குப் பின்னால் எவாஞ்சலின்.

கடைசியில் நீ. ஃபெபி உட்கார்ந்தால் நீயும் உட்கார். கத்தாதே. எவ்வளவு நேரமானாலும் அவளைத் தாண்டி ஓர் அடி வைக்காதே.

நாங்கள் முன்னால் போகிறோம்.

உன் அம்மா,
சகாயம்மாள்