நாற்பத்தொரு பேரும் பாஸ்

ஜனவரி 17, வெள்ளி

கால் இரண்டும் கெஞ்சுகின்றன. இன்று ஒரே நாளில் நாற்பத்தொரு குழந்தைகளுக்குக் காது பரிசோதித்தேன். எங்கள் வகுப்பிலேயே அதிகம். வாத்து என்று நாங்கள் கூப்பிடும் என் அறைத்தோழிக்கு இருபத்தாறுதான், பொறாமையில் வெந்துகொண்டிருக்கிறாள். நாலாம் ஆண்டுக்குப் போக பேச்சு, மொழி, செவித்திறன் மூன்றிலும் இத்தனை மணிநேரம் கிளினிக் வேலை பார்த்திருக்க வேண்டும். செவித்திறனில் நான் ரொம்பப் பின்தங்கியிருந்தேன். இன்றோடு அந்தத் தலைவலி தீர்ந்தது.

முகாம் நடந்த பள்ளிக்கூடத்தில் எனக்குக் கொடுத்தது விளையாட்டுச் சாமான் அடைத்துவைக்கும் அறை. காற்றுப் போன பந்துகள், கிழிந்த பாய்கள், மூலையில் ஒரே ஒரு பிளக் பாயின்ட். மேசையை அங்கே தள்ளிய பிறகு நாற்காலியைப் பக்கவாட்டில் போட இடமில்லை. குழந்தைகளை எனக்கு நேர் எதிரே உட்காரவைத்தேன். அதுவும் நல்லதாகத்தான் போயிற்று, முகம் தெரிவதால் யாரும் அழவில்லை. ஹெட்போனை மாட்டி, "உள்ள குட்டியா ஒரு சத்தம் வரும். கேட்டா கை தூக்கணும், சரியா?" என்று சொல்லிப் பட்டனை அழுத்த வேண்டியதுதான். ஆளுக்கு ஐந்து நிமிடம்.

ஒருத்தி, இரண்டாம் வகுப்பு, முன்பல் இரண்டும் இல்லை. நான் பட்டனை அழுத்தினேனோ இல்லையோ, கை மேலே போய்விடும். என்னைவிட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. மின்னல் என்று பெயர் வைத்துவிட்டேன். அவள் தாளில் 'நன்கு ஒத்துழைத்தாள்' என்று எழுதி நட்சத்திரமும் போட்டேன்.

மற்றவர்கள் பட்டியலில் மூன்று பேர், நாலு பேர் தேறவில்லை. என் பட்டியலில் எல்லோரும் பாஸ். "உனக்குக் கைராசிடி" என்றாள் வாத்து.

ஜனவரி 20, திங்கள்

அம்மா போனில்: "ஊர்ல இருக்கிற காதையெல்லாம் பாக்குற. உங்கப்பா வைக்கிற டிவி சத்தம் தெருவுக்கே கேக்குது, அவருக்கு மட்டும் கேக்கல." லீவில் வந்து பார்க்கிறேன் என்றேன், பெரிய டாக்டர் மாதிரி.

பிப்ரவரி 11, செவ்வாய்

செய்முறைத் தேர்வுக்கு ஒத்திகை. செவித்திறன் மேடமே நோயாளியாக நடித்தார், நாங்கள் ஒவ்வொருவராக அவருக்குப் பரிசோதனை செய்ய வேண்டும். என் முறை வந்ததும், முகாம் பழக்கத்தில், அவர் நாற்காலியை எனக்கு எதிரே இழுத்துப் போட்டேன். ஹெட்போனை அவரே மாட்டிக்கொண்டார்.

எட்டு முறை அழுத்தினேன். எட்டு முறையும் சரியாகக் கை தூக்கினார். எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி.

மேடம் ஹெட்போனைக் கழற்றி, வயரின் முனையை மடியிலிருந்து எடுத்துக் காட்டினார். பிளக் மெஷினில் இல்லவே இல்லை. உட்காரும்போதே உருவிவிட்டிருக்கிறார்.

"ஒரு சத்தமும் எனக்குக் கேக்கல. ஆனா எட்டும் சரி. எப்படி?"

வகுப்பே கொல்லென்று சிரித்தது. நானும் சிரித்தேன்.

"அழுத்துறதுக்கு முன்னாடி உன் வலது தோள் ஏறுது. அழுத்தின உடனே நிமிர்ந்து என் முகத்தைப் பாக்குற. அதுவும் கடிகாரம் மாதிரி ஒரே தாளத்துல. காது இருந்தா என்ன இல்லாட்டி என்ன, உன்னைப் பாத்தே பாஸ் பண்ணிடுவேன். பேஷன்ட் உன்னைப் பாக்கவே கூடாது. முதல் வருஷப் பாடம்மா இது."

பாடம் தெரியும். பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். மதியம் கேன்டீனில் டீ கிளாஸைக் கையில் எடுத்தபோதுதான் உறைத்தது. அந்த அறை. எதிரே போட்ட நாற்காலி. கண்ணை எடுக்காத அந்தக் குழந்தை.

பிப்ரவரி 12, புதன்

நாற்பத்தொரு பேரும் பாஸ்.

பிப்ரவரி 13, வியாழன்

வாத்திடம் மட்டும் சொன்னேன். "லூசா நீ? நாப்பத்தொண்ணுல நாப்பது பேருக்கு நல்லாதான் கேக்கும். இப்ப போய் வாயத் திறந்தா மொத்த மணிநேரமும் போச்சு. நாலாம் வருஷத்துக்கு எங்ககூட வரமாட்ட. கிணத்துல போட்ட கல்லு மாதிரி இரு."

அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இடமில்லாத அறையைக் கொடுத்தது நானா? மேற்பார்வைக்கு வந்தவர் எட்டிப் பார்த்துவிட்டுத்தானே போனார்? பெரும்பாலான குழந்தைகளுக்கு நன்றாகத்தான் கேட்கும் என்று புத்தகமே சொல்கிறது.

நாற்பது பேருக்குக் கேட்கும். சரி. மிச்சம் ஒன்று?

பிப்ரவரி 18, செவ்வாய்

பள்ளிக்கூடத்துக்குப் போனேன். முகாமில் ஒரு பேனாவை விட்டுவிட்டேன் என்று பொய் சொல்லி.

இரண்டாம் வகுப்பு மிஸ் வராந்தாவில் பிடித்துக்கொண்டார். நல்ல மனுஷி, எனக்கு நன்றி வேறு சொன்னார்! "நீங்க குடுத்த பேப்பர் பெரிய உதவிங்க. ஒருத்தி இருக்கா, பேர் சொல்லிக் கூப்பிட்டா டக்குனு திரும்புவா. பாடத்துல கேள்வி கேட்டா மட்டும் கேக்கலை மிஸ்ஸுங்குறா. நானும் காதுலதான் கோளாறோன்னு பயந்துட்டேன். இப்ப தெரிஞ்சுபோச்சு, அத்தனையும் கொழுப்பு. கடைசி பெஞ்சுக்கு மாத்திட்டேன். அவங்கம்மாவையும் கூப்பிட்டு அந்தப் பேப்பரைக் காட்டிட்டேன்."

ஜன்னல் வழியே பார்த்தேன். கடைசி பெஞ்சில் மின்னல். பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தாள்.

சொல்லியிருக்கலாம். அங்கேயே, அந்த வராந்தாவிலேயே. ஒரே ஒரு வாக்கியம். நான் என்ன செய்தேன்? "பரவால்லங்க" என்றேன். பரவால்லங்க! என்ன ஜென்மம் நான்? பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து வந்துவிட்டேன்.

பிப்ரவரி 20, வியாழன்

சொல்லவில்லை.

பிப்ரவரி 24, திங்கள்

மேடம் அறை வாசல்வரை போனேன். உள்ளே யாரோ இருந்தார்கள். அதையே சாக்காக வைத்துத் திரும்பிவிட்டேன். மூன்று நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. வாத்து என் தட்டைப் பார்க்கிறாள், ஒன்றும் கேட்பதில்லை. சொல்லாதே என்று சொன்னவள் அல்லவா, அவளுக்கும் குறுகுறுக்கிறதோ என்னவோ.

பிப்ரவரி 27, வியாழன்

இன்று வகுப்பில் ஒரு ஒலிப்பதிவு போட்டார்கள். விசில்போல உயர்ந்த சுருதி ஒலிகள் மட்டும் கேட்காத குழந்தைக்குப் பேச்சு எப்படிக் கேட்கும் என்று காட்டுவதற்கு. ஒரு பெண் கதை வாசிக்கிறாள். யாரோ பேசுகிறார்கள் என்று நன்றாகத் தெரிகிறது. கூப்பிட்டால் திரும்பிவிடலாம். ஆனால் என்ன சொல்கிறாள்? போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோல ஒரு முனகல், அவ்வளவுதான். இரண்டு நிமிடம் ஓடியது. எங்கள் முப்பது பேரில் ஒருவருக்கும் கதை புரியவில்லை.

பதிவு நின்றதுமே எழுந்து வெளியே வந்துவிட்டேன். மேடம் தன் அறையில் தனியாகத்தான் இருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன்.

திட்டுவார் என்று நினைத்தேன். அவர் கேட்டது ஒன்றுதான். "உனக்கு எப்ப தெரியும்?"

"பதினொண்ணாம் தேதி, மேடம். நீங்க வயரைக் காட்டின அன்னிக்கு."

சுவர்க் காலண்டரைப் பார்த்தார். விரல்விட்டு எண்ணவெல்லாம் இல்லை, பார்த்தார், அவ்வளவுதான். "லிஸ்டைக் கொண்டா. நாற்பத்தொரு பேரையும் திரும்பப் பாக்கணும்" என்றார்.

வாசலுக்கு வந்த பிறகு கூப்பிட்டார். "தோள் அசைஞ்சதுக்கு உன்னை மன்னிக்கலாம். இந்தப் பதினாறு நாளுக்கு என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியல."

மார்ச் 4, செவ்வாய்

தலைமையாசிரியர் அறையைக் காலி செய்து கொடுத்தார்கள். மேடம்தான் பரிசோதித்தார். மெஷினைத் தொட எனக்கு அனுமதியில்லை, குழந்தைகளை வரிசையாக அழைத்து வருவதும் ஹெட்போனைத் துடைத்து வைப்பதும் என் வேலை. நாற்காலி சுவரைப் பார்த்து.

முப்பத்தொன்பது பேருக்கு நன்றாகக் கேட்கிறது. ஒருவனுக்குக் காதில் அழுக்கு அடைத்திருக்கிறது, எடுத்தால் சரியாகிவிடும்.

அவளை உட்காரவைத்ததும் என்னைப் பார்த்துச் சிரித்தாள். மேடம் அவளைச் சுவர்ப் பக்கம் திருப்பினார். முதல் சத்தம், தடித்த சத்தம், கை தூக்கினாள். அடுத்தது கொஞ்சம் கீச்சென்ற சத்தம். கை மடியிலேயே இருந்தது. அடுத்ததற்கும் இல்லை. ஏதோ தப்பாகப் போகிறது என்று அவளுக்கே தெரிந்துவிட்டது. கழுத்தைத் திருப்பி என்னைத் தேடினாள். மேடம் தலையை மெதுவாகத் திருப்பிவிட்டார். மறுபடி தேடினாள்.

நான் அறையைவிட்டு வெளியே போய் நின்றுகொண்டேன். இனி இந்த நோட்டில் அவளை மின்னல் என்று எழுதமாட்டேன்.

மார்ச் 7, வெள்ளி

கிளினிக்கில் அவளுக்கு முழுப் பரிசோதனை. இரண்டு காதிலும் ஒரே மாதிரி. வரைபடக் கோடு இடப்பக்கம் ஒழுங்காகத் தொடங்கி வலப்பக்கம் படிப்படியாக இறங்கிப் போகிறது. வலப்பக்கம் என்றால் உயர்ந்த சுருதி ஒலிகள், பேச்சுக்குத் தெளிவைத் தருவது அவைதான்.

அம்மாக்காரர் சலவைக்கடையில் துணி தேய்க்கிறவர். பாதி நாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தார். மேடம் வரைபடத்தை விளக்கிவிட்டு என் பக்கம் திரும்பினார். "மிச்சத்தை நீயே சொல்லு."

சொன்னேன். எங்கே உட்காரவைத்தேன், எப்படித் தப்பாயிற்று, எத்தனை நாள் தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தேன், எல்லாம். அடிக்கட்டும், கத்தட்டும் என்று இருந்தது எனக்கு. அவர் பையின் வாரைத் திருகிக்கொண்டே இருந்தார்.

"நான் அவ மேல கை வச்சதே இல்லம்மா" என்றார். "அப்பா இல்லாத பொண்ணுன்னு ஒரு அதட்டு போடமாட்டேன். மிஸ் கூப்பிட்டு அந்தப் பேப்பரைக் காட்டினாங்கல்ல, அன்னிக்குதான் முதல் தடவை அடிச்சேன். காது நல்லா இருக்குன்னு நட்சத்திரம் போட்டுக் குடுத்திருக்காங்க, நீ கேக்கலைன்னு பொய்யா சொல்றேன்னு." கொஞ்சம் நிறுத்தி, "ரெண்டு வாரம் முன்னாடியும் ஒரு தடவை. விளக்குமாத்தால" என்றார்.

இரண்டு வாரம் முன்னாடி. பிப்ரவரி இருபது, இருபத்தொன்று. இந்த நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். 'சொல்லவில்லை' என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது.

முதல் அடிக்கு ஏதாவது சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். இரண்டாவதை நான்தான் அடித்தேன். எப்படிச் சுற்றி வந்தாலும் அங்கேயேதான் வந்து நிற்கிறது.

மார்ச் 10, திங்கள்

முடிவு வந்துவிட்டது. செவித்திறன் மணிநேரம் முழுவதும் ரத்து. கீழ் வகுப்போடு ஒரு பருவம் திரும்பச் செய்ய வேண்டும். வாத்து அழுதாள், நான் அழவில்லை. தண்டனை கிடைத்தால் பாரம் குறையும் என்று நினைத்திருந்தேன். குறையவில்லை. இது வேறு, அது வேறு போலிருக்கிறது.

வீட்டுக்குப் போன் செய்து சொன்னேன். அப்பா டிவியை அணைத்துவிட்டுக் கேட்டார். "அந்தக் குழந்தைக்கு இப்ப என்ன பண்றாங்க?" என்று மட்டும் கேட்டார்.

மார்ச் 19, புதன்

காதுக்கருவிக்காக அவள் காதுக்கு அச்சு எடுத்தார்கள். நான் வெளியே பெஞ்சில் இருந்தேன். அம்மாக்காரர் என்னைத் தாண்டிப் போனார், பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று எதிர்பார்க்க எனக்கு என்ன உரிமை?

மிஸ் அவளை முதல் பெஞ்சுக்கு மாற்றிவிட்டாராம். மேடம் கடிதம் எழுதியிருக்கிறார்.

ஏப்ரல் 10, வியாழன்

இன்று கருவி பொருத்தும் நாள். அம்மாக்காரரே என்னை உள்ளே வரச் சொன்னதாக மேடம் ஆள் அனுப்பினார். ஏன் என்று புரியவில்லை. போனேன்.

இரண்டு காதிலும் நீலக் கருவி. நிறம் அவளே தேர்ந்தெடுத்ததாம். மேடம் ஒலியைச் சரிசெய்து இயக்கினார். சினிமாவில் வருவதுபோல அழுகை, ஆரவாரம் எதுவும் இல்லை. முகத்தைச் சுளித்தாள். தன் சட்டையைத் தானே உரசிப் பார்த்தாள். மறுபடி உரசினாள். மேடத்தின் பேனா தாளில் ஓடும் சத்தத்துக்குத் திரும்பினாள்.

அம்மாக்காரர் என்னிடம் சொன்னார். "எங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டீங்க. மேடத்துகிட்ட, என்கிட்ட. ஸ்கூலுக்கு மேடம் லெட்டரே போட்டுட்டாங்க. இவகிட்ட யாருமே சொல்லல. நானும் சொல்லல, எனக்கு வாய் வரல. இப்ப அவளுக்குக் கேக்கும். நீங்க சொல்லுங்க."

அவள் நாற்காலிக்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தேன். இத்தனை பேரிடம் சொன்னதெல்லாம் ஒன்றுமே இல்லை என்று அப்போது தெரிந்தது.

"ஜனவரியில உன் காதைப் பாத்தது நான்தான். ஞாபகம் இருக்கா? உனக்கு நல்லா கேக்குதுன்னு எழுதிக் குடுத்தேன். அது தப்பு. உனக்குக் கேக்கல. நீ கேக்கலைன்னு சொன்னது சரி. தப்பு பண்ணது நான். தப்புன்னு தெரிஞ்ச அப்புறமும் ரொம்ப நாள் யார்கிட்டயும் சொல்லல."

அவள் என்னைப் பார்க்கவில்லை. நான் பேசி முடித்ததும் அம்மா பக்கம் திரும்பினாள்.

"அப்ப நான் பொய் சொல்லலைல்ல?"

"இல்லடா கண்ணு" என்றார் அம்மா. "நீ சொல்லவே இல்ல." அதற்கு மேல் அவரால் முடியவில்லை, அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டார். கருவி சட்டையில் உரசிக் கீச்சிட்டது, மேடம் எழுந்து சரிசெய்தார்.

அவள் அம்மாவின் கைக்குள்ளிருந்து தலையை மட்டும் நீட்டி என்னைப் பார்த்தாள். கோபமாகத்தான் இருந்தாள். "எங்க கிளாஸ்ல வந்து சொல்லணும். எல்லார் முன்னாடியும். அவங்க எல்லாரும் என்னைப் பொய்க்காரின்னுதான் கூப்பிடுறாங்க."

சொல்கிறேன் என்றேன். மேடமும் தலையசைத்தார், மிஸ்ஸுக்குப் போன் செய்து நேரமும் கேட்டுவிட்டார்.

நாளைக் காலை எட்டரைக்கு முதல் பாடவேளை. முப்பத்திரண்டு குழந்தைகள்.