திருப்பிக் கொடுக்காத படம்

நெடுங்கரைப்பட்டி,
திருச்சுழி வழி,
2.2.1988

கர்த்தருக்குள் பிரியமான என் வீட்டுக்காரருக்கு, ஞானப்பூ எழுதுவது.

நானும் பாப்பாவும் கர்த்தர் கிருபையால் சுகம். உங்கள் இருமல் நின்றதா இல்லையா என்பதை முதலில் எழுதவும். பெயின்ட் டப்பாக்களுக்கு நடுவில் பாய் விரித்துப் படுக்காதீர்கள் என்று போன கடிதத்திலும் எழுதினேன். நீங்கள் கேட்கப்போவதில்லை. எழுதவேண்டியது என் கடமை, எழுதிவிட்டேன்.

நீங்கள் வரைந்து அனுப்பிய படம் வந்து சேர்ந்தது. உங்கள் ஊர் சின்னச்சாமி அண்ணன் அருப்புக்கோட்டைக்குப் பஞ்சு லோடு ஏற்ற வந்தவர், லாரியை இந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு வந்து பள்ளிக்கூட வாசலிலேயே கொடுத்துவிட்டுப் போனார். என் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் என்னவோ ஏதோவென்று சூழ்ந்துகொண்டார்கள். நான் அங்கே பிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து, பாப்பாவைத் தூங்கவைத்துவிட்டுத்தான் பிரித்தேன்.

பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போன வருஷ அறுப்பின் பண்டிகை. சபையார் காணிக்கைகளைச் சுமந்துகொண்டு பீடத்தை நோக்கிப் போகிறார்கள். எல்லாமே முதுகு. ஒரு முகம்கூடக் கிடையாது. ஆனாலும் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிவிடலாம். எபனேசர் சாருடைய வழுக்கை. மனுவேல் மூப்பரின் மடித்துப் போட்ட துண்டு, அதற்கு மேலே கழுத்தில் இருக்கிற மரு. மூப்பர் வீட்டம்மா ரூபவதி, கக்கத்தில் கோழியோடு, ஒரு பக்கம் சாய்ந்த நடையில். கோழி மட்டும்தான் நம்மைத் திரும்பிப் பார்க்கிறது.

கடைசி வரிசையில், செருப்புகள் கிடக்கும் வாசலோரம் உட்கார்ந்திருந்த ஆளுக்கு வேறென்ன தெரிந்திருக்கும்? சிரித்து முடித்த பிறகுதான் இது எனக்குத் தோன்றியது. அப்புறம் சிரிக்க முடியவில்லை.

குதிரைவாலிப் பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு போவது நான் என்று தெரிகிறது. என் காதும் கன்னத்தில் கொஞ்சமும் தெரிகிறது. நான் அன்று திரும்பிப் பார்த்தேனா? ஞாபகம் இல்லை. நீங்கள் வரைந்திருப்பதால் பார்த்திருப்பேன் என்று வைத்துக்கொள்கிறேன்.

நீங்கள் எழுதியபடியே இதை அறுப்பின் பண்டிகைக் காணிக்கையாகக் கொடுக்கிறேன். நிலம் இருக்கிறவர்கள் கம்பும் மல்லியும் கொடுக்கிறார்கள், எனக்கு விளைவது இதுதான் என்று எழுதியிருந்தீர்கள். நியாயம்தான். ஆனால் மூப்பர் என்ன சொல்வாரோ என்ற பயமும் எனக்கு இருக்கிறது, அதை மறைப்பானேன். நீங்கள் சிவகாசியில் காலண்டருக்கு முருகனும் லட்சுமியும் வரைகிறீர்கள் என்பது நம் கல்யாணத்துக்கு முன்பே இந்த ஊருக்குத் தெரியும். பால்பாண்டியாக இருந்தவரை அது யாருக்கும் குற்றமாகப் படவில்லை. ஞானஸ்நானம் பெற்று ஜாபேஸ் ஆன பிறகுதான் குற்றமாயிற்று. திருவிருந்துக்கு எழுந்த உங்களை மூப்பர் மறித்து, “விக்கிரகம் வரையிற கையில அப்பத்த வாங்கப் போறீகளா?” என்று கேட்டார். நீங்கள் உங்கள் கையைப் பார்த்தீர்கள். நகத்தில் நீலம் ஒட்டியிருந்தது. அப்படியே வெளியே போனீர்கள். அத்தோடு இந்த ஊருக்கு வருவதும் நின்றது. பாப்பா பிறந்தபோதுகூட அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்துவிட்டு, அங்கிருந்தே பஸ் ஏறிவிட்டீர்கள்.

ஈஸ்டர் அன்று பாப்பாவுக்கு ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று சபைப் போதகர் ஐயர் சொல்லியிருக்கிறார். பெயர் யோசித்து வைத்திருப்பதாகச் சொன்னீர்களே, அதை எழுதி அனுப்பவும். அதுவரை எல்லாருக்கும் அவள் பாப்பாதான். கீழே ஒரு பல் முளைக்கிறது. கையில் கிடைப்பதையெல்லாம் கடிக்கிறாள்.

உங்களைக் கர்த்தர் காப்பாராக.

இப்படிக்கு,
உங்கள் ஞானப்பூ


நெடுங்கரைப்பட்டி,
16.2.1988

பிரியமான என் வீட்டுக்காரருக்கு, ஞானப்பூவின் ஸ்தோத்திரம்.

உங்கள் கார்டு நேற்று வந்தது. தபால்காரர் படித்துவிட்டுத்தான் கொடுத்தார் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. இனிமேல் இந்த மாதிரி விஷயங்களைக் கவரில் எழுதுங்கள்.

“என் படத்தை ஒருவரும் வீட்டுக்குக் கொண்டுபோக மனமில்லாமல் ஆளுக்கு ஆள் தள்ளிவிட்டார்களாம். பாப்பாவுக்கு உன் சபையார் நல்லபடியாக ஞானஸ்நானம் கொடுக்கட்டும். நான் அங்கே எதற்கு?” என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்குக் கோபம் வந்தது. உங்கள் மேல் பாதி, சின்னச்சாமி அண்ணன் மேல் பாதி. அவர் பண்டிகை அன்று மறுபடி லோடு ஏற்றிக்கொண்டு போகிற வழியில் ஏலத்தை வேடிக்கை பார்த்தார், நானும் பார்த்தேன். ஏலம் முடிகிறவரை அவர் நிற்கவில்லை. பாதிக் கதையைக் கொண்டுபோய் உங்களிடம் இறக்கியிருக்கிறார். மீதியை நான் எழுதுகிறேன். கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன்.

போன வருஷம் நீங்கள் காணிக்கைப் பவனி முடிந்ததுமே பஸ்ஸுக்குப் போய்விட்டதால் ஏலத்தைப் பார்த்ததில்லை. எங்கள் ஏலத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் ஒரு பொருளை ஏலத்தில் எடுப்பார். எடுத்த கையோடு அதைத் திரும்பவும் காணிக்கையாகக் கொடுத்துவிடுவார். மறுபடி ஏலம் போகும். வேறொருவர் எடுப்பார், அவரும் கொடுப்பார். ஒரே எலுமிச்சம்பழம் இப்படி எத்தனையோ கை மாறும். அது அந்தப் பொருளுக்கும் கொடுத்தவருக்கும் மரியாதை. யாராவது எடுத்ததும் பையில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டினால்தான் கஞ்சன் என்று பேசுவார்கள். இந்தச் சபையில் பிறந்தவர்களுக்கு இது பால்குடியிலேயே தெரியும். சின்னச்சாமி அண்ணன் இருளப்பசாமி கோயில் பொங்கலுக்குப் போகிறவர், அவருக்கு எப்படித் தெரியும்? அவர் கண்ணுக்கு அது தள்ளிவிடுவதாகத்தான் பட்டிருக்கும்.

ஆனால் எல்லாரும் மரியாதைக்காகத்தான் திருப்பிக் கொடுத்தார்கள் என்று எழுதினால் அது பொய். உங்களிடம் பொய் சொல்லிக் கூப்பிட எனக்கு இஷ்டமில்லை.

எபனேசர் சார்தான் ஏலம் கூறினார். படத்தைத் தூக்கிப் பிடித்தவுடன் முன்வரிசையே எழுந்து வந்துவிட்டது. யார் முதுகு யாருடையது என்று கண்டுபிடிப்பதில் ஒரே அமளி. பிள்ளைகள் எபனேசர் சாருடைய வழுக்கையைத் தொட்டுக் காட்டினார்கள், அவர் படத்தை இன்னும் உயரத் தூக்கினார். வழக்கம்போல மனுவேல் மூப்பர்தான் முதலில் விலை கேட்டார். எந்தப் பொருளானாலும் முதல் கேள்வி மூப்பருடையது, அது அவருடைய அந்தஸ்து. எடுத்தார். எடுத்ததும், “வீட்டுல முகமில்லாத படம் ஆகாது. நம்மளக் கேலி பண்ணி வரைஞ்சிருக்கு” என்று சத்தமாகவே சொல்லித் திருப்பிக் கொடுத்தார். அடுத்து எடுத்தவர்களில் சிலர் மரியாதைக்குத் திருப்பினார்கள். சிலர் மூப்பர் முகத்தைப் பார்த்துத் திருப்பினார்கள். யார் யார் எதற்கு என்று எனக்குத் தெரியும், எழுத வேண்டாம் என்று விடுகிறேன். இந்த இடத்தில்தான் லாரி கிளம்பியது.

அடுத்த தடவை எபனேசர் சார் கூவியபோது பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு சத்தம் கேட்டது. ரூபவதி அம்மா விலை கேட்டார். மூப்பர் திரும்பிப் பார்த்தார். முட்டை விற்ற காசு அந்த அம்மாவிடம் உண்டு, ஆனால் ஏலத்தில் அவர் வாய் திறந்து யாரும் பார்த்ததில்லை. ஒரே வீட்டில் புருஷன் எடுத்துக் கொடுத்ததைப் பெண்சாதி கேட்கலாமா என்று எபனேசர் சாருக்குக் குழப்பம். ஐயரைப் பார்த்தார். ஐயர் தலையை ஆட்டினார். மூப்பர் வீட்டம்மாவுக்கு எதிராக வேறு யாரும் கேட்கவில்லை.

அவர் எழுந்து வந்தார். உங்கள் படத்தில் கோழியை இடுக்கிக்கொண்டு நடக்கிறாரே, அதே சாய்ந்த நடை. படத்தையும் அப்படியே கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தன் இடத்துக்குத் திரும்பினார். எல்லாரும் காத்திருந்தோம். மூப்பர் மெல்ல, “திருப்பிக் குடு” என்றார். அதற்கு அந்த அம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“எதுக்குக் குடுக்கணும்? நான் வருசா வருசம் இந்தக் கோயிலுக்குக் கோழி கொண்டாந்து குடுக்கேன். நான் நடந்து போறத உங்கள்ல ஒருத்தராச்சும் பாத்திருக்கீகளா? அந்தத் தம்பி பாத்திருக்கு. இது எனக்கு வேணும்.”

பிறகு எபனேசர் சார் அடுத்த பொருளான பூசணிக்காயை எடுத்தார். பொழுது சாய்வதற்குள் அந்த அம்மாவுக்கு வழக்கம் தெரியவில்லை என்றும், பேராசை என்றும் சிலர் பேசினார்கள். வழக்கம் அவருக்கு நன்றாகத் தெரியும். அன்று காலை அவர் கொடுத்த கோழியே எத்தனையோ கை மாறித்தான் குழம்புக்குப் போனது.

மூப்பர் மனம் மாறிவிட்டார் என்று எழுத எனக்கும் ஆசைதான். மாறவில்லை. விக்கிரகம் வரைவதை விட்டுவிடுகிறேன் என்று நீங்கள் வாக்குக் கொடுத்தால்தான் ஞானஸ்நானத்தின்போது பிள்ளையோடு நிற்கலாம் என்று கமிட்டியில் சொன்னார். ஐயர், “ஞானஸ்நான முறைமையில அப்படி ஒரு கேள்வி இல்லையே மூப்பரே, இல்லாத கேள்விய நான் எங்க போயி கேக்க?” என்று சொல்லிவிட்டாராம். அத்தோடு பேச்சு நின்றிருக்கிறது. ஆனால் போன வியாழக்கிழமை மூப்பர் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். சுற்றிவளைத்துப் பேசிவிட்டு, கடைசியில், “ஏம்மா, என் கழுத்துல மரு அந்த எடத்துலயா இருக்கு?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். தடவிப் பார்த்துக்கொண்டே போனார். படம் அவர் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. தினமும் அதற்குக் கீழேதான் உட்கார்ந்து சாப்பிடுகிறார்.

ஐயர் சொன்னதையும் எழுதவேண்டும். ஏலத்துக்கு முன்னால் அவர்தான் அந்தப் படத்தை எல்லாரையும்விட அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “நான் எப்பவும் இவுக முகத்தத்தான் பாக்கேன். முதுகு இம்புட்டு அசந்து போயிருக்கும்னு தெரியாமப் போச்சே” என்றார். அடுத்த ஞாயிறு பிரசங்கம் ரொம்பச் சுருக்கம். சபையார் உங்களுக்குக் கடமைப்பட்டிருக்கிறார்கள்.

உங்கள் வேலையை விடச்சொல்லி நான் எழுதமாட்டேன். மயிலின் கழுத்துக்கு நீங்கள் நீலம் குழைப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் நான். அந்த நீலத்தை உண்டாக்கினவர் யார் என்று எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. நகத்தில் அது ஒட்டியிருந்தால் ஒட்டியிருக்கட்டும், தேய்த்துக் கழுவிக்கொண்டு வரவேண்டாம்.

பாப்பாவுக்கு இரண்டாவது பல்லும் தெரிகிறது. வெள்ளைக் கவுன் தைக்கக் கொடுத்துவிட்டேன். எபனேசர் சாரும் ரூபவதி அம்மாவும் ஞானப்பெற்றோராக நிற்கச் சம்மதித்திருக்கிறார்கள். ரூபவதி அம்மா தானாகவே வந்து கேட்டார். நீங்கள் இல்லாமல் எனக்கு இங்கே ஒன்றும் குறைவில்லை என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அது உண்மையில்லை.

ஒன்று மட்டும் யோசித்துப் பாருங்கள். நீங்கள் எங்களைப் பின்னாலிருந்தே பார்த்திருக்கிறீர்கள். நாங்களும் உங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை, அதை உங்கள் படம் சொல்லிவிட்டது. ஞானஸ்நானத் தொட்டி பீடத்துக்கு முன்னால் இருக்கிறது. பிள்ளையை ஏந்தி நிற்கிற தகப்பனை ஐயர் சபையைப் பார்த்துத் திரும்பச் சொல்வார். அப்போது எல்லாருடைய முகமும் உங்களுக்குத் தெரியும், மூப்பருடைய முகமும்தான். என் இடது கைப்பக்கம் ஒரு ஆள் நிற்கிற இடம் விட்டு நிற்பேன். அங்கே வேறு யாரையும் நிற்க விடமாட்டேன்.

பிள்ளையின் பெயரென்ன என்று ஐயர் தகப்பனைத்தான் கேட்பார். போன கடிதத்தில் பெயரை எழுதி அனுப்பச் சொன்னேன். இப்போது வேண்டாம். எழுதாதீர்கள். வந்து சொல்லுங்கள்.

கர்த்தர் உங்கள் கைகளின் கிரியையை ஆசீர்வதிப்பாராக.

வழி பார்த்திருக்கும்,
ஞானப்பூ