பின்பக்கம் எழுதிய நேரம்

கோயமுத்தூர்,
மார்ச் 1998

அன்பு சாஜிதாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் நலம். பொள்ளாச்சியில் நீயும் நிதாவும் மாமியும் நலமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில்தான் இங்கே எனக்குச் சோறு இறங்குகிறது. நிதாக்குட்டிக்குச் சளி விட்டதா?

குண்டு வெடித்த பிறகு உங்களை அங்கே கொண்டுபோய் விட்டது நல்லதாகப் போயிற்று. நம் தெருவில் கடைகள் இன்னும் பாதிதான் திறக்கின்றன. பொழுது சாய்ந்தால் எல்லா வீட்டிலும் கதவைச் சாத்திவிடுகிறார்கள்.

வேலையைப் பற்றித்தான் நீ முதலில் கேட்பாய். வாலாங்குளத்தை எண்ணெய் வண்ணத்தில் மூன்று படமாக வரைந்தேன். ஒரே கரை, ஒரே ரயில் பாதை. காலையில் ஒன்று, உச்சியில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. உச்சி வெயிலில் தண்ணீர் புதுத் தகரம்போல் கண்ணைக் குத்தியது, அதைப் பிடிக்கத்தான் பாடுபட்டேன். கீழ்வீட்டு அரங்கசாமி அண்ணனின் நாய் ஜிம்மியையும் வரைந்து முடித்தாயிற்று. ஓரிடத்தில் உட்காராத பிறவி. ரொட்டி கொடுத்துக் கொடுத்தே அதன் வயிற்றைக் கெடுத்தேன். மாமியிடம் நாய் படம் என்று சொல்லிவிடாதே. மருமகன் ஆட்டையாவது வரையக்கூடாதா என்று ஆரம்பித்துவிடுவார்.

இனி எழுதுவதை மாமி பக்கத்தில் இல்லாதபோது படி. சாயங்காலப் படத்தில் கடைசிப் பூச்சுப் பூசிக்கொண்டிருந்தபோது குளக்கரைக்கே போலீஸார் வந்தார்கள். பெட்டியைத் திறக்கச் சொல்லி, வண்ணம் கரைக்கும் டர்பன்டைன் பாட்டிலை முகர்ந்து பார்த்தார்கள். பிறகு கேன்வாஸைத் திருப்பினார்கள். எந்த நேரத்து வெளிச்சம் என்பது மறக்காமலிருக்க, இடத்தையும் நேரத்தையும் பின்னால் எழுதுவது என் பழக்கம்தானே. ரயில் பாதை என்று எழுதி, பக்கத்தில் நேரம், கீழே என் பெயர். அவர்கள் முகம் மாறியது. வீட்டுக்கும் வந்து மற்ற இரண்டு படங்களை எடுத்துக்கொண்டு, என்னை ஸ்டேஷனுக்கு அழைத்துப்போனார்கள்.

சேதி கேட்ட அரங்கசாமி அண்ணன், ஜிம்மி படத்தை இடுக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கே வந்துவிட்டார். "ஏனுங்க, எங்கூட்டு நாயை வரைஞ்சவருங்க இவரு. ஒரு வம்புதும்புக்குப் போகாத மனுசனுங்க" என்றார். இன்ஸ்பெக்டர் படத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, வெறும் திட்டுத் திட்டாக இருக்கிறதே, நாய் எங்கே என்று கேட்டார். "கொஞ்சம் தள்ளி நின்னு பாருங்க, வாலை ஆட்டுமுங்க" என்றார் அண்ணன். அவரும் தள்ளி நின்று பார்த்துச் சிரித்துவிட்டார். எனக்குப் போன உயிர் வந்தது. ஆனால் குளத்துப் படங்களை எடுத்தபோது அவர் தள்ளி நிற்கவில்லை. பின்பக்கத்தை மட்டும் பார்த்தார். ஒரே இடத்துக்கு எதற்காக மூன்று தடவை போனீர்கள் என்று கேட்டார். வெளிச்சம் மாறுகிறது என்றேன். சொல்லும்போது என் காதுக்கே அது பொய்யாகக் கேட்டது.

மரியாதையாகத்தான் அனுப்பினார்கள். வெள்ளிக்கிழமை மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். அண்ணன் கூட வருவதாகச் சொல்கிறார். இருந்தாலும் எனக்குப் பயமாக இருக்கிறது, சாஜிதா. மாடிப்படியில் யார் காலடி கேட்டாலும் தூரிகையைக் கீழே வைத்துவிட்டுக் கதவைப் பார்க்கிறேன்.

அண்ணனின் லாரி டிரைவரிடம் இந்தக் கடிதத்தோடு ஒரு சின்னப் படமும் கொடுத்தனுப்புகிறேன். ஜன்னலில் உட்கார்ந்து நிதாவைத் தேடும் அவளுடைய பூனை மிட்டாய். நிதா வழக்கம்போல் வெளிச்சத்தைப் பார்த்து நேரம் சொல்லிவிட்டு, சரிதானா என்று படத்தைத் திருப்புவாள். பின்னால் ஒன்றும் எழுதியிருக்காது. அவள் எதைச் சொன்னாலும் சரியென்று சொல்லிவிடு.

இன்னொன்று. நம் கல்யாணம் முடிந்த வாரம் ஆழியாறு அணையை வரைந்தேனே, அந்தப் படம் மாமியின் அறையில் மாட்டியிருக்கிறது. அதன் பின்னாலும் நேரம் இருக்கிறது, நம் இரண்டு பேர் பெயரும் இருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் வெள்ளை பெயின்ட் பூசி மறைத்துவிடு. ஒரு பூச்சில் எழுத்து தெரியும், காய்ந்த பிறகு மறுபடி பூசு. முதலில் உன் பெயரை மறை.

அந்த நேரம் உனக்கு நினைவிருக்கும்தானே? எனக்கு அது போதும். அல்லாஹ் உங்களைக் காப்பானாக. எனக்காகத் துஆ செய்.

உன்,
உவைஸ்