உழாத புல்வெளி

அன்புள்ள மனைவிக்கு,

நான் சௌக்கியம். உன் இடுப்புவலி குறைந்ததா? அம்மா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறார்களா?

போன வாரம் இங்கே கொஞ்சம் தூசிக்காற்று. பயப்படாதே. சுற்றியிருந்த புல்வெளிகளை எல்லாம் உழுதுவிட்டார்கள், அந்த மண்தான் கிளம்பி வந்தது. நம் புல்வெளியில் மேய்க்கிற மாட்டுக்காரம்மா முன்கூட்டியே என் அறையிலிருந்து புல் கிடங்கு வரைக்கும் ஒரு கயிறு கட்டியிருந்தாள். "என்னம்மா, துணி காயப்போடவா?" என்று கேட்டேன். "இல்ல முதலாளி, உங்களைக் கட்டி இழுக்க" என்றாள். காற்று வந்தபோது பட்டப்பகலில் என் கையே எனக்குத் தெரியவில்லை. அந்தக் கயிற்றைப் பிடித்துத்தான் கிடங்கிலிருந்து அறைக்கு வந்து சேர்ந்தேன். நம் புல்வெளியில் மட்டும் ஒரு பிடி மண் பறக்கவில்லை. "வேர் பிடிச்சிருக்கு, விடாது" என்கிறாள் அவள்.

உன் தம்பி சொல்கிறபடி அதையும் உழக் குத்தகைக்கு விட்டால் நல்ல காசுதான். வியாபாரிக்கு லாபம் கசக்குமா? ஆனால் காற்று வரும் பக்கத்தில் மிச்சமிருக்கும் புல் அது ஒன்றுதான். அதுவும் போனால் இந்தத் தெருவே மண்ணுக்குள் போய்விடும். முடியாது என்று சொல்லிவிட்டேன். நேற்று குத்தகை கேட்கிறவர்களில் ஒருவன் கடைக்கு வந்து, "யோசிங்கண்ணே, தனியா வேற இருக்கீங்க" என்று சிரித்தான்.

உன் பழைய நூல்புடவை ஒன்று அனுப்பு. ஜன்னல் இடுக்கில் திணிக்க வேண்டும். இங்கேயும் துணி கிடைக்கும், இருந்தாலும் அனுப்பு.

தபாலுக்கு நேரமாகிவிட்டது. நிலம் உன் பேரில்தான் இருக்கிறது. தம்பி எவ்வளவு கெஞ்சினாலும் கையெழுத்துப் போடாதே. எனக்கு ஏதாவது ஆனாலும் போடாதே.

உன் கணவன்